சாட்சி சொல்ல எழாதவர்கள்

எங்கள் வட சென்னைச் சபைகள் பலவற்றில், ஞாயிறு ஆராதனையின் நடுவிலோ வீட்டு ஜெபக் கூட்டத்தின் தொடக்கத்திலோ, சாட்சி சொல்வதற்கென்று ஒரு நேரம் உண்டு. வேலை கிடைத்தவர், பல ஆண்டுகள் காத்திருந்து குழந்தை பெற்றவர், அறுவை சிகிச்சை முடிந்து நலமாக வீடு திரும்பியவர் ஆகியோர் எழுந்து நின்று கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல, சபை ‘அல்லேலூயா’ என்று மகிழ்கிறது. அந்த நன்றியை நான் ஒருநாளும் குறைவாக எண்ணியதில்லை. ஆனால் அதே கண்ணீரோடும் அதே உபவாசத்தோடும் ஜெபித்து, கேட்டது கிடைக்காமற்போனவர்களும் அதே பாயில்தான் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் எழுந்து நின்று சொல்வதற்கு நாம் இடம் வைக்கவில்லை. அவர்களுடைய மௌனத்தை விசுவாசக் குறைவு என்று எண்ணுவது வேதத்துக்கே முரணானது என்பதை எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

என் தம்பிக்கு முப்பது வயதைக் கடந்த சிறிது காலத்தில் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், அதன்பின் பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய் வரத் தொடங்கினான். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து படுத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலிலும் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அம்மா தம் சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வந்தார். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் மருத்துவர்கள் ஏற்கவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்தோம். சபையார் ஒருவர் மாற்றி ஒருவராகத் தொடர்ந்து செய்யும் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் உபவாசித்தார். தம்பி ஒருநாள் என்னிடம், “அக்கா, எனக்காக ஜெபம் பண்ணும்போது கிட்னிய பத்தி மட்டும் கேக்காத, ராத்திரியில ரொம்ப பயமா இருக்கு, அதுக்காகவும் கேளு” என்றான். இரண்டுக்காகவும் கேட்டேன். பட்டியலில் அவன் முறை வருவதற்கு முன்பே இறந்துபோனான்.

அந்த நாட்களில் ஒரு ஜெபக் குழுவிலிருந்து வந்த சகோதரர் ஒருவர், இந்த வீட்டில் அறிக்கையிடப்படாத பாவம் ஏதோ இருப்பதால்தான் ஜெபம் தடைபடுகிறது என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் அம்மா தம் வாழ்க்கை முழுவதையும் துருவித் துருவித் தேடினார். எப்போதோ பக்கத்து வீட்டாரிடம் போட்ட சண்டையைக்கூட எண்ணி அழுதார். யோவான் எழுதிய சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைப் பார்த்த சீஷர்கள், இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அப்படியிருக்க, படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கு வந்து அதே கேள்வியைக் கேட்பதற்கு யாருக்கு அதிகாரம் இருக்கிறது? எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்த வரையில் நல்ல நண்பர்களாக இருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள். கடைசியில் தேவன் கோபங்கொண்டதும் அவர்கள்மேல்தான். தம்மோடு வழக்காடிய யோபுவையோ, சரியானதைப் பேசினவன் என்று சொன்னார்.

விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்று யாக்கோபின் நிருபம் சொல்வது எனக்கும் தெரியும். அந்த வசனத்தை நான் ஒதுக்கவில்லை. அதனோடு சேர்த்து வேறு சிலவற்றையும் வாசிக்கிறேன். எபேசுவில் பவுலின் உடலில் பட்ட துணிகளைக் கொண்டுவந்து போட்டாலே நோய்கள் நீங்கின என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அதே பவுல், தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் நோயாளியாக விட்டுவந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ஏன் குணமாகவில்லை என்ற விளக்கம் இல்லை, துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றிய ஒரு குறையும் இல்லை. தம் மாம்சத்திலிருந்த முள் நீங்க வேண்டும் என்று பவுல் மூன்று முறை வேண்டினார். “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில் வந்ததே தவிர, முள் நீங்கியதாக எழுதப்படவில்லை. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில், துன்பத்தின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி இயேசுவும் மூன்று முறை ஜெபித்தார்; அந்தப் பாத்திரம் அவரைவிட்டு நீங்கவில்லை.

ஆனால் என்னை அதிகமாகப் பிடித்து வைத்திருப்பது அப்போஸ்தலர் நடபடிகளின் பன்னிரண்டாம் அதிகாரம். இராயப்பர் என்று நம்மவர்கள் அழைக்கும் பேதுருவின் பெயரைத் தாங்கிய ராயபுரத்தில், படகுத் தொழிலாளர்கள் அவருக்கு எழுப்பிய ஆலயம் இன்றும் இருக்கிறது. அவர் சிறையிலிருந்து விடுபட்ட நிகழ்ச்சி எங்கள் பகுதிப் பிரசங்கங்களில் திரும்பத் திரும்ப வரும். இரண்டு சங்கிலிகள், தானாகத் திறந்த இரும்புக் கதவு, சந்தோஷத்தில் வாசலைத் திறக்க மறந்து உள்ளே ஓடிய ரோதை என்ற பெண் என்று, அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா அதை விரிவாக எழுதியிருக்கிறார். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில், யோவானின் சகோதரனாகிய யாக்கோபை ஏரோது வாளால் கொன்றான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். பேதுருவும் அந்த யாக்கோபும் ஒரே கடலில் மீன்பிடித்த கூட்டாளிகள். மலையின் மேலும் கெத்செமனேயிலும் இயேசுவோடு கூடவே இருந்த மூவரில் இருவர். பேதுருவுக்காகச் சபை ஊக்கத்தோடு ஜெபித்தது என்று எழுதப்பட்டிருக்கிறது. யாக்கோபுக்காக ஜெபிக்க ஒருவரும் இல்லாமல் இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. யாக்கோபின் தாய், தம் மகன்களுக்கு ராஜ்யத்தில் வலமும் இடமும் இடம் கேட்டவர். பின்பு இயேசு சிலுவையில் தொங்கியதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றவர். சபையார் கூடி ஜெபித்துக்கொண்டிருந்த வீட்டின் கதவைப் பேதுரு தட்டிய அந்த இரவில் அவர் எருசலேமில் இருந்திருந்தால், அந்த வீட்டின் ஆரவாரம் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

இந்தக் கேள்வி எங்கள் கடற்கரைக்குப் புதிதன்று. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பின் மறுநாள். சுனாமியில் தப்பிய பலர் கர்த்தர் எங்களைக் காத்தார் என்று நன்றி செலுத்தினார்கள், அது உண்மையான நன்றி. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பக்கத்தில் அமர்ந்து அதைக் கேட்கும்போது, என் பிள்ளையை ஏன் காக்கவில்லை என்ற கேள்வி அவளுக்குள் எழாமல் இருக்குமா? அந்தக் கேள்வியை ஆலயத்துக்கு வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிற சபை, சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையும் வெளியே விட்டுவிட வேண்டியிருக்கும். ‘கர்த்தாவே, எதுவரைக்கும்’ என்று கேட்கும் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் துதியாக மாறுகின்றன. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. அதையும் தேவன் தம் ஜனங்களின் பாட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறார். பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளில் நான்காவதாக நாம் தியானிக்கும் “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்பதும் ஒரு புலம்பல் சங்கீதத்தின் முதல் வரிதான். கைவிட்டதாகத் தோன்றும் வேளையிலும் அவரையே ‘என் தேவனே’ என்று அழைத்து முறையிடுகிறவர் விசுவாசத்தை விட்டவர் என்று எப்படிச் சொல்ல முடியும்? தம்பி போன பின்பு துதிப் பாடல்கள் என் வாயில் வராத மாதங்களில், நான் செய்ய முடிந்த ஒரே ஜெபம் அதுதான். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று நம்பாதவள் யாரிடம் முறையிடுவாள்?

இதை எங்கள் ஆயரிடம் மனம்விட்டுச் சொன்னபோது, அவர் எனக்குப் பதில் சொல்ல முயலவில்லை. வீட்டிலேயே ஒரு ஜெபக் கூட்டம் வைக்கச் சொன்னார், தாமும் வருகிறார். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலையில் கூடுகிறோம். ஒரு புலம்பல் சங்கீதத்தை முழுவதுமாக வாசிக்கிறோம். விரும்புகிறவர்கள் தாங்கள் கேட்டதையும் கிடைக்காததையும் சொல்லலாம். சொல்லி முடித்தவருக்கு ஆறுதல் வசனமோ காரணமோ ஒருவரும் சொல்லக் கூடாது என்பது மட்டுமே எங்கள் ஒழுங்கு. காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பெரியம்மா, சுனாமியில் போன பேரனின் பெயரை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக ஒரு ஜெபக் கூட்டத்தில் சொன்னார். அம்மா வெள்ளிக்கிழமை உபவாசத்தை இன்னும் விடவில்லை. டயாலிசிஸ் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் தம்மோடு காத்திருந்து பழகிய குடும்பங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்களுக்குச் சிறுநீரகம் கிடைக்க வேண்டும் என்று, தம்பிக்காகக் கேட்ட அதே சொற்களால் கர்த்தரிடம் கேட்கிறார்.