டயட்காரர் இந்தியச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால்

டயட் என்று வாய் திறந்தால் போதும், எல்லாரும் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: "கடைக்குப் போனா மரக்கறியா எடு." இந்தியச் சாப்பாட்டுக் கடையில் இது அப்படியே பிழையாகிப்போகும். பன்னீர் பட்டர் மசாலாவும் மரக்கறிதான், மலாய் கோஃப்தாவும் மரக்கறிதான். கோஃப்தா உருண்டைகளை முதலில் எண்ணெயில் பொரித்து, மறுகா கிரீமும் கஜுவும் அரைத்துவிட்ட குழம்பில் போடுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் தந்தூரிக் கோழி எவ்வளவோ மேல், தோலை உரித்துத் தயிரிலும் தூளிலும் ஊறவைத்து அடுப்பில் சுடுவது, எண்ணெய் கொஞ்சம்தான். ஆகவே மரக்கறியா இறைச்சியா என்று பார்க்காதீர்கள், குழம்பைப் பாருங்கள். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாச்சத்திலும் புரதத்திலும் 4தான். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி போனாலே 120 கலோரி அளவு வந்துவிடும்.

மச்சாளின் மகளுக்குப் பிறந்தநாள் என்று டவுனில் வட இந்தியச் சாப்பாடு போடும் ஒரு கடைக்குப் போயிருந்தோம். பரிமாற வந்த தம்பியிடம், "தம்பி, பட்டர் சிக்கன்ல கிரீமைக் குறைச்சுத் தர ஏலுமா?" என்று கேட்டேன். மனிசன் மழுப்பவில்லை. "ஏலாது அக்கா, அந்தக் குழம்பு காலையிலயே மொத்தமா செஞ்சு வச்சது. மேல ஊத்துற கிரீமை மட்டும் விடலாம். நாணுக்குப் பட்டர் பூசாமத் தரலாம்." எந்த டயட் புத்தகமும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. முன்னமே செய்து வைத்ததில் பேரம் பேசிப் பயனில்லை, கடைசி நிமிடத்தில் சேர்ப்பதில் மட்டும்தான் நமக்குக் கதைக்க இடமிருக்கிறது. பருப்புக்குத் தாளிதத்தைக் குறைத்துப் போடச் சொல்லலாம், தந்தூரி ரொட்டியில் நெய் தடவ வேண்டாம் என்று சொல்லலாம், கபாப் மேல் தேசிக்காய்ப் புளி மட்டும் போதும் என்று சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

நான் வழக்கமாக எடுப்பது இதுதான்: தந்தூரிக் கோழி அல்லது மீன் டிக்கா, தால் தட்கா (தாளித்த பருப்பு), ஆட்டா மாவில் செய்த தந்தூரி ரொட்டி ஒன்று, வெங்காயமும் வெள்ளரிக்காயும். நாண் நம்ம வெள்ளைக் கோதுமை மாதான், இரண்டு உள்ளே போவதே தெரியாது. தால் தட்காவையும் தால் மக்கனியையும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள், மக்கனி முழு உளுந்தைப் பட்டரும் கிரீமும் விட்டு மணிக்கணக்கில் வேகவைப்பது (ருசியாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை). சனா மசாலா நல்லது, நம்ம கடலைதானே, ஆனால் அதோடு வருகிற பட்டூரா பொரித்தது, அதை விட்டுவிட்டு ரொட்டி கேளுங்கள். பசளிக்கீரை போட்ட பாலக் பன்னீரில் கீரைக்கு ஆசைப்பட்டுப் பன்னீரை அள்ளிவிடுவோம், அது கவனம்.

தோசைக் கடை என்றால் பிரச்சினை குறைவு. இட்லி அவித்தது, சாம்பாரோடு சாப்பிட்டால் வயிறும் நிறையும். நெய் ரோஸ்ட்டும் வடையும்தான் வில்லன்கள்.

குடிக்க இனிப்பு லஸ்ஸி வேண்டாம், சீனி போடாத மோர் போதும். ரைத்தா தாராளமாக எடுக்கலாம் என்று எழுதுகிறார்கள், எங்கட ஊரில் அதற்கு எருமைத் தயிர் போட்டிருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், எருமைப் பாலில் கொழுப்பு பசும்பாலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

பிரியாணியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். கடையில் என்றால் ஒன்றை வாங்கி இரண்டு பேர் பிரித்துச் சாப்பிடலாம், மேலே தூவியிருக்கும் பொரித்த வெங்காயத்தை ஒதுக்கலாம். காத்தான்குடியில் கலியாண வீட்டுக்குப் போய்ச் சஹனை, அதாவது எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டை, சுற்றி ஐந்தாறு பேரோடு உட்கார்ந்துவிட்டால் யார் எவ்வளவு சாப்பிட்டது என்று எந்தக் கணக்கும் வைக்க ஏலாது, நான் வைக்கப்போவதும் இல்லை.