அத்தார் இன்னும் உள்ளுக்குத்தான் இருக்கிறார்

பெரியப்பாட கல்வெட்டுக்கு, அதுதான் செத்த பிறகு அடிக்கிற நினைவுப் புத்தகத்துக்கு, படம் தெரிவு செய்யிறதிலயே குடும்பம் ரெண்டாப் போச்சு. அந்த மனுசன் சிரிச்ச ஒரே படம் லண்டன் அக்காட கலியாணக் குறூப் போட்டோ. அதில அவற்ற கை கிடக்கிறது அத்தாற்ர தோளில. வேலிக் கதியால் சண்டை தெரிஞ்ச ஆக்களுக்கு மிச்சம் விளங்கும். "உவரை வெட்டிப்போட்டுப் போடு" எண்டது பெரியம்மாட உத்தரவு.

குட்டித்தம்பி எல்லாத்தையும் லேடெக்கிலதான் அடிப்பான், கட்டளை எழுதிப் பக்கம் அமைக்கிற மென்பொருள் அது. அதில படத்தின்ர ஓரம் கழிக்கிறதுக்கு 'ட்ரிம்'. நாலு எண் குடுக்கோணும்: இடம், கீழ், வலம், மேல், இந்த ஒழுங்கில. பொடியன் இணையப்பக்கம் செய்து பழகினவன். அங்க மேல், வலம், கீழ், இடம். பழக்கதோசத்தில குடுத்தான், பெரியப்பாவுக்குத் தலை போச்சு, செருப்பு மிஞ்சிச்சு.

அடுத்தது அலகு. ஒண்டும் எழுதாட்டில் அந்த எண் அங்குலத்தில 72இல் ஒரு பங்கு. பொடியன் பிக்சலை எண்ணி 800 எண்டு போட்டான். 300 டிபிஐ, எண்டால் அங்குலத்துக்கு 300 பிக்சல், ஸ்கானில 6 அங்குலப் படத்தின்ர முழு அகலமே 432 தான்! 800 பிக்சலுக்கு 192 போடோணும்.

அதையும் திருத்தினான். ஆனா 'கிளிப்' எண்ட சொல்லைச் சேர்க்கேல்லை. அது இல்லாட்டில் லேடெக் படத்துக்கு ஒதுக்கிற இடத்தை மட்டும்தான் குறைக்கும், படம் முழுசா அப்பிடியே வெளிய வழியும். அத்தார் போய்ப் பஞ்சபுராணத்துக்கு மேல ஏறி இருந்தார். திருப்பல்லாண்டு முழுக்க அவற்ற சால்வை. பெரியம்மா பார்த்த பார்வையில பிரிண்டரே நிண்டிருக்கும்.

'கிளிப்' போட்ட பிறகு ஆள் மறைஞ்சார். முட்டை வடிவம் வேணுமெண்டு சின்னம்மா கேக்க, லேடெக்குக்குள்ள படம் கீறுற டிக்ஸில நீள்வட்டம் கீறி வெட்டினான். அதில கிளிப் கட்டளை முதல் வரோணும், படம் அதுக்குப் பிறகு. மாறிப் போட்டால் ஒண்டும் வெட்டுப்படாது. வடிவா வந்துது. பிடிஎப் கனடாவுக்கும் போச்சு.

அங்கதான் கோதாரி. அண்ணர் பனர் அடிக்கிறதுக்கு அந்தப் பிடிஎப்பை இங்க்ஸ்கேப் எண்ட வரையிற மென்பொருளில திறந்து, கிளிப்பை விடுவிக்கிற கட்டளையை அமத்தியிருக்கிறார். முழுக் குறூப்பும் வெளிய! நடுவில அத்தார், பல்லெல்லாம் தெரிய. வட்ஸ்அப் குழுவில விடியப்புறமே வந்திட்டுது. லேடெக் படத்தை வெட்டுறேல்லை, மறைக்கிறது மட்டும்தான். கோப்புக்குள்ள முழுப் படமும் பத்திரமா இருக்கும், கோப்பும் அந்தளவுக்குப் பாரமா இருக்கும். அடையாள அட்டையின்ர எண்ணை மறைக்கிறதுக்கு இந்த வழியை நம்புற ஆக்கள் கவனிக்கோணும். "நான் வெட்டச் சொன்னனான், ஒளிக்கச் சொல்லேல்லை" எண்டா பெரியம்மா.

வெட்டுறதை ஜிம்ப் மாதிரிப் படம் திருத்திற மென்பொருளில வெட்டி, புதுக் கோப்பாச் சேமிச்சுப்போட்டுத்தான் சேர்க்கோணும். செய்தான். இப்ப பெரியப்பா வெறும் 200 பிக்சல் அகலம். 5 சென்ரிமீற்றருக்கு இழுத்தால் 100 டிபிஐ, முகம் புட்டு மாதிரி உதிருது. 2 சென்ரிமீற்றர் எண்டால் தெளிவு. "முத்திரையோ அடிக்கிறியள்?" எண்டு சின்னம்மா. ஒரே வழி, அசல் போட்டோவை 1200இல திரும்ப ஸ்கான் பண்ணுறது.

அசல் அல்பம் ஆற்ர வீட்டில? அதேதான்.

குட்டித்தம்பியை அனுப்பிக் கேட்க, அத்தார் அல்பத்தோட தானே வந்தார், படலையால. தேத்தண்ணி குடுத்தது, ஆனா ஒருத்தரும் கதைக்கேல்லை. மனுசன் சும்மா இருக்காமல் வம்சாவளிப் பக்கத்தைக் கேட்டார்.

அந்தப் பக்கம் வேற சீத்துவம். மரத்தின்ர அசல் அகலம் 30 சென்ரிமீற்றர், ஏ5 புத்தகத்தில எழுத்துக்குரிய அகலம் 11. அளவு மாத்திற 'ரீசைஸ்பொக்ஸ்' கட்டளை போட்டு அமத்தினால் 12 புள்ளி எழுத்து 4.4 ஆகும். 90 பாகை திருப்பி 17 சென்ரிமீற்றர் நீளத்தில விட்டால் 6.8. திருப்பேக்கையும் ஒழுங்கு இருக்கு, கட்டளைகள் இடமிருந்து வலமா நடக்கும். முதல் அகலம் 17 எண்டு சொல்லி, பிறகு 90 பாகை திருப்பினால் அது நிமிர்ந்து 17 உயரமா நிக்கும். முதல் திருப்பிப்போட்டு அகலம் கேட்டால், நிமிர்ந்த மரத்தையே 17 அகலத்துக்கு ஊதும். தாளே 14.8 தான், மரம் ஓரத்தால வெளிய போகும்.

அத்தார் அந்த 4.4 தாளைத்தான் கையில எடுத்தவர். கண்ணாடியைக் கழட்டினார், போட்டார், யன்னலடிக்குக் கொண்டு போனார். தன்ர பேரைத் தேடுறார் எண்டு எல்லாருக்கும் தெரியும். அது இருந்தது, கடைசிக் கிளைக்கு முதல் கிளையில, எறும்பு அளவில.

பெரியம்மா குசினி வாசலில நிண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவ. பிறகு குட்டித்தம்பியிட்ட, "மடிச்ச தாள் வைச்சால் எழுத்து எவ்வளவுக்கு வரும்?"

"ஏ4ஐப் படுக்கப் போட்டால் 10.8 வரும் பெரியம்மா. செலவு கூட."

"கூடினால் கூடட்டும். அந்தாளுக்குக் கண் தெரியேல்லை."