பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதாலும்

பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகை கேட்டாலே எனக்குப் பால் இறங்கி ரவிக்கை நனைந்துவிடுகிறது, என் பிள்ளையோ தொட்டிலில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பான். தாய்மனசு என்பார் அம்மா. சரி, மனசுதான், ஆனால் வேலை நடப்பது மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில்.

பாலை இறங்கவைக்கும் ஹார்மோனான ஆக்சிடோசின் வெறும் 9 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. பிட்யூட்டரிக்கு மேலே இருக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸின் நரம்பு செல்கள் அதைத் தயாரித்து, நுண்ணிய பைகளில் அடைத்து, தங்கள் நீண்ட வால் வழியாகப் பிட்யூட்டரியின் பின்பகுதிக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுகின்றன. அங்கே பைகள் சும்மா காத்துக் கிடக்கும். குழந்தை வாய் வைத்ததும் (சில நேரம் அழுகுரலே போதும்) அந்த நரம்புகள் சேர்ந்தாற்போல் துடிக்க, வால்நுனிக்குள் கால்சியம் பாய, பைகள் சவ்வோடு ஒட்டி வாய் திறந்து சரக்கை ரத்தத்தில் கொட்டிவிடும். அது மார்புக்குப் போய்ச் சேர்ந்ததும் பால் சுரப்பிகளைச் சுற்றியுள்ள செல்கள் சுருங்கிப் பாலைப் பிழியும்.

பிட்யூட்டரியின் முன்பகுதியின் கதை வேறு. அங்கே சுரந்து பாலைத் தயாரிக்கச் சொல்லும் புரோலாக்டின் ஹார்மோனுக்கு, மூளையிலிருந்து வரும் டோபமின் என்ற ரசாயனம் எப்போதும் பிரேக் போட்டே வைத்திருக்கும், குழந்தை உறிஞ்சினால்தான் அது தளரும். அதை அப்புறம் விரிவாக எழுதுகிறேன், இவன் எழுந்துவிட்டான்.