ஃபைனான்ஸ் கம்பெனி லைசென்ஸுக்கு நோட்டீஸ் வந்தபோது

நாமக்கல்லில் லாரிக்குக் கடன் கொடுக்கும் ஒரு சின்ன ஃபைனான்ஸ் கம்பெனியில் கணக்குப் பார்த்து வந்தேன். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்காத கம்பெனி. லைசென்ஸ் என்று நாங்கள் சொல்லும் அதன் பதிவுச் சான்றிதழை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு ரிசர்வ் வங்கியிடமிருந்து நோட்டீஸ் வந்தது. இப்போது மூலதன வரம்பு மறுபடி உயர்ந்துவருகிறது. சின்னக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

பழைய கம்பெனிகளுக்கு நிகர சொந்த நிதி (கம்பெனியின் சொந்தப் பணத்தில் சில கழிவுகள் போக மிஞ்சுவது) 25 லட்சம் இருந்தால் போதும் என்றிருந்தது. அதை 2016 மார்ச் முடிவுக்குள் 1 கோடி, 2017 மார்ச் முடிவுக்குள் 2 கோடி என்று உயர்த்தியிருந்தார்கள். நோட்டீஸைப் படித்த முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. “மூலதனம், ரிசர்வ் எல்லாம் சேர்த்து ரெண்டு கோடியே இருபது லட்சம் இருக்கே தம்பி, அப்புறம் என்ன குறை?” என்றார்.

குறை வேறு இடத்தில் இருந்தது. அவர் குடும்பத்தின் இன்னொரு கம்பெனி லாரிக்கு பாடி கட்டுகிறது. அதற்கு எங்கள் கம்பெனி 60 லட்சம் கடன் கொடுத்திருந்தது. ஒரே குழுமத்துக்குள் கொடுத்த கடனும் முதலீடும் சொந்த நிதியில் பத்து சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையைக் கழிக்க வேண்டும். எங்களுக்குப் பத்து சதவீதம் 22 லட்சம். மீதி 38 லட்சம் கழிந்தால் நிற்பது 1 கோடியே 82 லட்சம்தான். இந்தக் கழிவை மறந்து நிம்மதியாக இருக்கும் குடும்பக் கம்பெனிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, பணத்தைத் திரும்ப வாங்குவது என்று முடிவானது. பாடி கட்டும் கம்பெனியிடம் ரொக்கம் இல்லை. முதலாளியின் குடும்பம் ஒரு மனையை விற்று, அந்தப் பணத்தை அங்கே போட்டு, அங்கிருந்து எங்கள் கடனை அடைத்தது. நோட்டீஸுக்குப் பதில் சொல்லக் கொடுத்த கெடு முடிவதற்குள் ஆடிட்டர் சான்றிதழும் வங்கி ஸ்டேட்மென்டும் வைத்துப் பதில் அனுப்பி, நேரில் விளக்க வாய்ப்பும் கேட்டோம்.

ரிசர்வ் வங்கியின் சென்னை ராஜாஜி சாலை அலுவலகத்தில் முக்கியமாகக் கேட்டது ஒன்றைத்தான்: “இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?” எங்கள் பணமே சுற்றி வந்து எங்களிடம் சேர்ந்ததா என்பதே அவர்கள் சந்தேகம். மனையின் கிரயப் பத்திரமும் அந்தக் கம்பெனியின் ஸ்டேட்மென்டும் கையில் இருந்ததால் தப்பித்தோம். நடவடிக்கையைக் கைவிடுவதாகப் பிறகு கடிதம் வந்தது.

ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934, பிரிவு 45-ஐஏ, உட்பிரிவு 6-இன்படி, ரத்து செய்யுமுன் கம்பெனியின் தரப்பைக் கேட்டாக வேண்டும். ரத்தாகிவிட்டால் உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். பதிவில்லாமல் தொழிலைத் தொடர்ந்தால் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை.

பதிவை ரத்து செய்யாமல் புதுக் கடனை மட்டும் நிறுத்திவைப்பது வேறு சங்கதி. 2024 அக்டோபரில் சென்னையின் ஆசீர்வாத் மைக்ரோ ஃபைனான்ஸ் உட்பட நான்கு நிறுவனங்கள் புதுக் கடன் வழங்க ரிசர்வ் வங்கி தடை போட்டது. அளவுக்கு மீறிய வட்டி முக்கியக் காரணம். பதிவு ரத்தாகவில்லை, பழைய கடன் வசூலும் நடந்தது. குறைகளைச் சரிசெய்த பின் ஆசீர்வாத்துக்கு 2025 ஜனவரியில் தடை நீங்கியது.

நோட்டீஸ் சேதி வெளியே கசிந்ததும், “லைசென்ஸ் போயிருச்சாமே, இனி டியூ கட்டணுமாங்க?” என்று லாரிக்காரர்கள் வந்து நின்றார்கள். கட்டத்தான் வேண்டும். பதிவு ரத்தானாலும் வாங்கிய கடன் கடன்தான். கட்டாமல் விட்டால் வண்டிதான் சிக்கலில் மாட்டும். பணத்தை வங்கி வழியாகவே கட்டுங்கள், ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். கடன் முடிந்த கையோடு என்ஓசியும் (பாக்கி இல்லை என்ற தடையில்லாச் சான்று), ஆர்சி புத்தகத்தில் அடமானப் பதிவை நீக்க ஃபார்ம் 35-உம் வாங்கிவிடுங்கள். கம்பெனி கதவு மூடிய பிறகு அதில் கையெழுத்துப் போட ஆள் தேடி அலைவது பெரும்பாடு.

எங்களைப் போல் டெபாசிட் வாங்காமல் கடன் கொடுக்கும் கம்பெனிகளுக்கான அடுத்த கெடு 2027 மார்ச் 31, நிகர சொந்த நிதி வரம்பு 10 கோடி. அவ்வளவு பணம் திரட்ட முடியாதவர்கள் நோட்டீஸ் வரும்வரை காத்திராமல், சான்றிதழைத் தாங்களாகவே ஒப்படைத்துவிடுவது மேல் என்பது என் கருத்து.