உம்லாங்கா கலங்கரை விளக்கமும் ஒரு டாக்ஸிக் கொள்ளையும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தை ஒட்டிய கடற்கரை ஊரான உம்லாங்காவுக்கு எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் டாக்ஸிக்காரர் மேல் இருக்கும் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டர்பன் கடற்கரையிலிருந்து கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர், அதற்கு 400 ராண்ட் கேட்டார். ஏன் இவ்வளவு என்றால் டோல் இருக்கிறதாம். என்னோடு வந்தது நண்பனின் அம்மா, நான் ஆன்ட்டி என்று கூப்பிடுபவர்; டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவர், சும்மா விடுவாரா? "எம் ஃபோர் ரோட்டுல எங்க டோல் இருக்கு, அவனை இறங்கிக் காட்டச் சொல்லு தம்பி" என்று தமிழில் என்னிடமும், இன்னும் காரமாக ஆங்கிலத்தில் அவரிடமும் சொன்னார். டாக்ஸிக்காரர் 300-க்கு இறங்கி வந்தார். அதுவும் அநியாயம்தான். மினிபஸ்ஸில் போனால் இதில் பத்தில் ஒரு பங்கு ஆகியிருக்காது.

சரி, கலங்கரை விளக்கத்துக்கு வருவோம். 1954-ல் கட்டிய 21 மீட்டர் உயர கான்கிரீட் கோபுரம். உடம்பு வெள்ளை, தலை சிவப்பு. உள்ளே ஏற முடியாது, ஆனால் வெளியே நின்று பார்க்கக் காசு கிடையாது, என் பட்ஜெட்டுக்கு அது போதும். இந்த விளக்குக்கு என்று தனியாகக் காவலர் ஒருவர் இருந்ததே இல்லை. பக்கத்திலேயே ஒட்டி நிற்கும் ஆய்ஸ்டர் பாக்ஸ் ஹோட்டல்காரர்கள்தான் அதைக் கவனித்துக்கொண்டு வந்தார்கள். ராத்திரி கப்பல்களுக்கு வழி காட்டும் சமாசாரத்தை ஒரு ஹோட்டல் பொறுப்பில் விடுவது இந்த ஊரில்தான் நடக்கும்!

இது வருவதற்கு முன்னால் டர்பன் துறைமுக வாயிலுக்குத் தெற்கே, பிளஃப் என்கிற குன்றின் மேல் ஓர் இரும்புக் கலங்கரை விளக்கம் இருந்தது. 1867-ல் ஏற்றினார்கள், இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் அப்படி ஒன்று எவ்வளவு தேவை என்பதற்கு 1850-லேயே சாட்சி உண்டு: குடியேற வந்த ஆங்கிலேயர்களை ஏற்றிவந்த மினர்வா கப்பல் பிளஃப் பாறைகளில் மோதி உடைந்தது.

இந்த 1867-தான் எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் மதராஸிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16. அதில் வந்தவர்கள் 342 பேர். அப்போது பிளஃப் மேல் கலங்கரை விளக்கமே கிடையாது. துறைமுக வாயிலில் மணல்மேடு வேறு, பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டுவிட்டு ஆட்களைப் படகில்தான் இறக்க வேண்டும். நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஐந்து வருஷ ஒப்பந்தமும் முடிந்து, அதற்கப்புறம்தான் வெளிச்சம் வந்திருக்கிறது. இதை எழுதி ஒரு பலகை வைத்தால் என்ன? நான் பார்த்தவரை உம்லாங்கா கோபுரத்தடியில் செல்ஃபி எடுக்கிற கூட்டம்தான்.

ஆன்ட்டிக்கு இந்தக் கதையில் பெரிய ஆர்வம் இல்லை. அவருக்கு வேறு கதை இருந்தது. "எங்க சின்ன வயசுல இந்தப் பீச்சுல கால் வைக்க முடியாது தம்பி, வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு போர்டு இருக்கும். கார்ல போகும்போது இந்தச் சிவப்புத் தலையைப் பார்த்துக்கிட்டே போவோம்." 1989-ல்தான் நாட்டின் கடற்கரைகளை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். இப்போது அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவை நனைவதைப் பற்றிக் கவலையே இல்லாமல், கோபுரத்துக்குக் கீழே தண்ணீரில் நின்று எனக்கு ஆர்டர் போடுகிறார்: முழுசாத் தெரியணும், உச்சி வெட்டக் கூடாது.

உம்லாங்காவில் சாப்பாட்டு விலை கண்ணைக் கட்டுகிறது, அங்கே சாப்பிடாதீர்கள். நாங்கள் மினிபஸ் பிடித்து டர்பனுக்கே திரும்பி ஒரு சின்னக் கடையில் மட்டன் 'பன்னி சௌ' (bunny chow) வாங்கினோம், கால் ரொட்டி அளவில். ரொட்டியைக் குடைந்து அதற்குள் குழம்பை ஊற்றி, குடைந்தெடுத்த மெத்துப் பகுதியை மேலே மூடிபோல வைத்துத் தருகிறார்கள். முதலில் அந்த மெத்தைப் பிய்த்துக் குழம்பில் தோய்க்க வேண்டும், ஸ்பூன் கேட்டால் முறைப்பார்கள். உருளைக்கிழங்கு கரையாமல், கறி எலும்பை விட்டுக் கழன்று, காரம் சும்மா சுரீர் என்று ஏறியது. இரண்டு பேருக்கும் சேர்த்து டாக்ஸிக்குக் கொடுத்ததை விடக் குறைவுதான்.