பாப்பாவின் கடைவாய்ப் பல்

ஜூன் 9, திங்கள்
ராத்திரி இரண்டு மணிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஐந்தரை வயது. கீழ்த்தாடை இடது பக்கக் கடைசிப் பல். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்தபோதே சுள்ளென்கிறது என்றாள், அது ஆச்சு இரண்டு மாதம், பார்க்கலாம் பார்க்கலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். அத்தை கிராம்பை எடுத்துக்கொண்டு வந்தார்கள். "பால் பல்லுதானே, தானா விழுந்துரும்" என்றார்கள். விடியும்வரை அவள் அழுததை என்னால் மறக்க முடியாது.

ஜூன் 10, செவ்வாய்
சிம்மக்கல்லில் குழந்தைகளுக்கான பல் டாக்டரைப் பார்த்தோம். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே அவர் கேட்டது, "சாப்பிட்டா மட்டும் வலிக்குதா, சும்மா இருக்கும்போதும் வலிக்குதா?" குளிர்ச்சி பட்டு வலித்து உடனே அடங்கினால் நரம்பு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளுமாம். தூக்கத்தில் எழுப்புகிற வலி என்றால் வீக்கம் வேர்வரை போயிருக்கலாம். பிடுங்கிவிடலாமா என்றேன். இந்தப் பல் விழ 10, 12 வயதாகும், அதற்குள் பின்னால் முளைக்கிற நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்னால் சாய்ந்து, அடியில் காத்திருக்கிற பல்லுக்கு இடமே இல்லாமல் பண்ணிவிடும் என்றார்.

ஜூன் 12, வியாழன்
ஊசி போடும்போது என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சொத்தையைச் சுரண்டி, மேல்பாகத்து நரம்பை எடுத்துவிட்டு, ஈரப் பஞ்சை வைத்து அழுத்தினார் டாக்டர். ஐந்து நிமிடத்தில் ரத்தம் நின்றால் வேரில் உள்ளதை விட்டுவைத்து மருந்து போட்டு மூடிவிடலாம், அதுதான் பல்பாட்டமி. பஞ்சை எடுத்தார். கருஞ்சிவப்பாக ஊறிக்கொண்டே இருந்தது. அப்புறம் வேர் நரம்பையும் எடுத்து, கரையக்கூடிய பசையை நிரப்பினார். பெரியவர்களுக்கு வைப்பது கரையாது, புதுப் பல் மேலே வரும்போது பால் பல்லின் வேரோடு சேர்ந்து இதுவும் கரைய வேண்டுமே. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று நினைக்க நினைக்க ஆறவில்லை. மரத்த உதட்டைக் கடித்துவிடாமல் வீடு வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 20, வெள்ளி
ஸ்டீல் கேப் போட்டாயிற்று. அப்பத்தாவிடம் வாயைத் திறந்து திறந்து காட்டுகிறாள். ஒரு வாரமாக நல்ல தூக்கம். ஈறில் கொப்புளம் வந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.
சாயங்காலம் சின்னவனை மடியில் படுக்க வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று வயதுதான் ஆகிறது. இரண்டு கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பழுப்பாக ஒரு கோடு. நாளைக்கே நேரம் வாங்கிவிட்டேன்.