மூக்கைச் சிந்தியபோது தெரிந்த எலும்பு முறிவு

பந்துக்காகத் தாவியவரின் முழங்கை என் இடது கண்ணில் இடித்தது. கண் கறுத்து வீங்கியது, ஆனால் பார்வை தெளிவாகத்தான் இருந்தது. கன்னமும் மேல் பற்களும் பல் டாக்டரின் ஊசி போட்டதுபோல மரத்துக் கிடந்தன. அடிபட்ட இடம் மரக்காதா என்று விட்டுவிட்டேன். அன்று இரவு மூக்கைச் சிந்தினேன். மறுநொடியே கீழ் இமை குப்பென்று உப்பி, கண் மூடிக்கொண்டது. தொட்டால் உள்ளே நறநறவென்றது. அப்போதுதான் பயம் வந்தது.

மருத்துவமனையில் முதலில் எலும்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பார்வை, கண்பாவை வெளிச்சத்தில் சுருங்குகிறதா, விழி கிழிந்திருக்கிறதா என்பதையே பார்த்தார்கள். அப்புறம்தான் சிடி ஸ்கேன். கண்குழியின் தரை உடைந்திருந்தது.

அந்தத் தரைதான் கன்னத்துக்குள், மூக்கோடு இணைந்து காற்று நிறைந்திருக்கும் சைனஸ் அறைக்குக் கூரை. சில இடங்களில் அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லை. அடியின் அழுத்தத்தில் அது உடைந்து கீழே திறந்துகொள்வதால் பல சமயம் விழி தப்பிவிடுகிறது என்றார் டாக்டர். கன்னத்துக்குப் போகும் நரம்பு அந்தத் தரை வழியாகத்தான் ஓடுகிறது, மரத்துப்போனது அதனால்தான். நான் சிந்தியபோது சைனஸிலிருந்த காற்று விரிசல் வழியே இமைக்குள் ஏறியிருக்கிறது. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உடைந்த எலும்போடு வீட்டுக்கா என்று எனக்குக் கோபம். ஆனால் வீக்கம் வடியாமல் எதையும் முடிவு செய்ய முடியாதாம். எல்லா முறிவுக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. வீக்கத்தால் வரும் இரட்டைப் பார்வை தானாகவே போய்விடலாம். குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களுடைய எலும்பு வளைந்து, கதவுபோல மீண்டும் மூடி, தசையைக் கவ்விக்கொள்ளும். கண் வெளியே சிவக்காமல்கூட இருக்கலாம், ஆனால் வாந்தியும் நாடித்துடிப்பு குறைவதும் வரும். அப்போது காத்திருக்கவே கூடாது.

எனக்கு வீக்கம் வடிந்தும் மேலே பார்த்தால் எல்லாம் இரண்டாகவே தெரிந்தன. கண்ணும் சற்று உள்வாங்கியிருந்தது. 12ஆம் நாள் முழு மயக்கத்தில் அறுவை சிகிச்சை. கீழ் இமையின் உட்புறமாகப் போய், சைனஸுக்குள் இறங்கியிருந்த கொழுப்பையும் தசையையும் மேலே தூக்கி, அடியில் மெல்லிய டைட்டானியம் வலையை வைத்தார்கள். வெளியே தழும்பே இல்லை.

அன்றிரவு செவிலியர் அடிக்கடி எழுப்பி, மற்றக் கண்ணை மூடி, "எத்தனை விரல்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எரிச்சலாக இருந்தது. கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து தேங்கினால் பார்வை நரம்பு நசுங்கி, சில மணி நேரத்திலேயே பார்வை நிரந்தரமாகப் போய்விடக்கூடும் என்று காலையில்தான் தெரிந்தது.

முதல் வாரம் இரட்டைப் பார்வை முன்பைவிட மோசம். சிகிச்சை வீணாகிவிட்டது என்றே நினைத்தேன். தசைக்கும் வீக்கம் வடிய வேண்டுமே! ஆறு வாரத்தில் நேர்ப்பார்வை ஒன்றானது. நான்கு மாதமாகியும் உச்சி மேலே பார்த்தால் மட்டும் லேசாகப் பிரிகிறது. மேலுதட்டில் எறும்பு ஊர்கிறது, நரம்பு திரும்பிவருவதன் அடையாளமாம். தேவையில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் வாயைத் திறந்துதான் தும்முகிறேன்.